யன்னல் கழற்றுகிறவர்கள்

ரொறன்ரோவில் எம்மவர் பழைய வீடொன்றை வாங்கினால் முதலில் பறிபோவது யன்னல்தான். நூறு வருடத்துக்கு மேல் நின்ற மரயன்னலைப் பெயர்த்துக் குப்பையில் எறிந்துவிட்டு, வெள்ளை வினைல் யன்னலைப் பூட்டி, 'எல்லாம் புதுசு' என்று விருந்தாளிக்குக் காட்டுகிறோம்.

எறிந்தது என்னவென்று பார்த்தோமா? மேலும் கீழுமாக வழுக்கும் இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். பாரத்துக்கு நிலையின் இரு பக்கத்துக்குள்ளும் இரும்புக் குண்டுகள் கயிற்றில் தொங்கும். கயிறு கப்பியில் ஓடும். கிணற்றுக் கப்பி கண்ட யாழ்ப்பாணத்தானுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கயிறு அறுந்தால் கயிற்றை மாற்றலாம். கண்ணாடி உடைந்தால் அதை மட்டும் மாற்றி, ஆளிவிதை எண்ணெய்ப் புட்டி வைக்கலாம். உக்கிய மூலையை வெட்டி வேறு மரம் பொருத்தலாம். வினைல் சட்டம் கோணினால் முழுவதும் குப்பைதான்.

'குளிருமே?' என்பார்கள். இடுக்குகளுக்குப் பட்டி அடித்து, வெளியே குளிர்காலத்துக்கான இரண்டாவது யன்னலைப் போட்டால், பழைய யன்னலும் புதிய இரட்டைக் கண்ணாடிக்குக் கிட்ட வரும். ஒன்றில் மட்டும் கவனம்: 1960க்கு முந்திய வீட்டுப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்தபடி உரஞ்சக்கூடாது, பிள்ளைகளைக் கிட்ட விடக்கூடாது.

'இது பணக்கார வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு' என்றும் சொல்வார்கள். பாதி உண்மை. சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிகள், அங்கிருந்த விக்டோரியா காலத்து வீடுகளை இடித்துத்தான் அறுபதுகளில் எழுந்தன. பிறகு அகதியாய் வந்த எங்கள் சனம் அங்கே அடுக்கடுக்காய்க் குடியிருந்தது. பக்கத்தில் இடிபடாமல் தப்பிய கபேஜ்ரவுண் இன்று சட்டம் காக்கும் மரபுரிமைப் பகுதி. நான் றெஸ்ரோரன்ரில் கோப்பை கழுவுகிற காசு அங்கே ஓர் அறைக்கும் காணாது. ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் தந்தது, வீட்டு முன்வளவில் கோவா நட்ட ஏழை ஐரிஷ் தொழிலாளர் என்பார்கள். புதிது வாங்கக் காசில்லாதவன் இருப்பதைத் திருத்தித்தான் வாழ்வான். திருத்துவது ஏழையின் கலை. பணக்காரன் பிறகு வந்து அதற்கு விலை வைத்தான். நாங்களோ அதற்கு வெட்கப்படுகிறோம்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், உயர்பாதுகாப்பு வலயம் கட்டங்கட்டமாக விடுபட்ட பிறகு திரும்பிப் போனார்கள். பல வீடுகளில் கூரையில்லை, கதவில்லை, யன்னல் நிலையுமில்லை. சுவரில் ஓட்டைதான் இருந்தது. அந்தப் படங்களைப் பார்த்து இங்கே அழுதோம். அழுத கையோடு, எஞ்சியிருக்கும் நாற்சார் வீட்டு மரயன்னலைக் கழற்றி அலுமினியம் பூட்ட ஊருக்குக் காசனுப்புகிறோம். பிறத்தியான் கழற்றினால் கொள்ளை, நாங்கள் கழற்றினால் முன்னேற்றமா?

நான் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டவன், கட்டடக்கலை படித்தவனல்ல. ஆனாலும் வீடு வாங்கியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொன்றாக்டரைக் கூப்பிடுமுன் ஒரு முழுக் கயிறும் கொஞ்சம் புட்டியும் வாங்குங்கள். ஒரேயொரு யன்னலைத் திருத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் எறியத்தான் வேண்டுமென்றால், எறியுங்கள்.