குறிஞ்சியைப் படம் பிடிப்போர்க்கு

மலையைப் படம் பிடிக்கப் பழகுதல் இக்காலத்துப் பலர் விரும்பும் கலையாகிவிட்டது. கண்டிக்குக் கிழக்கே, மடக்கிய கைம்முட்டியை ஒத்திருத்தலால் ஆங்கிலேயர் ‘நக்கிள்ஸ்’ எனப் பெயரிட்ட மலைத்தொடரில், சில நாள் தங்கிப் பயிலும் நிழற்படப் பயிற்சி முகாமுக்குச் செல்ல என் பழைய மாணாக்கர் சிலர் ஆயத்தமாகின்றனர். பனிக்காலத்தில் போகலாமா, எவ்வாறு போவது என்று என்னை வினவினர். படக்கருவி பற்றித் தமிழ்ப் பண்டிதன் யாது அறிவான் என நகைப்பாரும் உளர். ஆயினும், மலையை அணுகும் முறையை நம் பொருளிலக்கணம் நன்கு வகுத்திருக்கின்றது என்பது என் துணிபு.

தொல்காப்பியர் முதற்பொருள் என்றது நிலத்தையும் பொழுதையும் சேர்த்தேயாம். குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. பாட்டில் இனிக்கும் அப்பொழுது பயணத்தில் கொடிதாகவும் கூடும். 2025 ஆம் ஆண்டு கார்த்திகையில் வீசிய டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, வீடுகள் புதைந்தன, உயிர்கள் பல மாண்டன. இதனை மறந்து நாள் குறிப்பவர் நிலத்தை மட்டும் கண்டு பொழுதைக் காணாதவர் ஆவர்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்று நக்கிள்ஸின் கீழைச் சரிவுகளை நனைக்கும். மாசியில் கண்டிப் பக்கம் மழை குறையும். ஆதலின் விரும்பிய மாதத்தில் செல்ல இயலுமாயின் மாசியே நன்று. மார்கழியிலேயே செல்ல நேரின், வானிலை அறிக்கையோடு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்தே புறப்படுக. உன்னஸ்கிரியவிலிருந்து மேலேறும் ஒடுங்கிய பாதையை இரவில் நாடற்க. தடைப்பட்டால் தங்குவதற்கு ஒரு நாளை மிகையாக வைத்துக்கொள்க. அட்டைக்கடிக்குக் காலுறை வேண்டும். குளிரிலிருந்து வெம்மையான அறைக்குட் புகும்போது வில்லையில் நீர் படியும். கருவியைப் பையினுள்ளேயே சிறிது நேரம் வைத்திருந்து பின்னர் எடுத்தல் நலம்.

அடுத்தது கருப்பொருள். 2010 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த இக்காடு, இலைபோன்ற மூக்கையுடைய ஓணான் ஒன்றுக்கு உலகிலுள்ள ஒரே உறைவிடம். நல்ல படத்திற்காக அதனைக் கிளைவிட்டுக் கிளை மாற்றி வைப்பது கலையன்று, கொடுமை.

இனி, யான் சிறப்பாகச் சொல்ல விழைவது மனிதரைப் பற்றி. 1867 இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட காலந்தொட்டு, இம்மலைகளில் உழைத்தவர் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நம்மவரே. அவர் முகங்களும் மலையோடு சேர்ந்து படமாயின. புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் பெற்றவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த டார்வின், டெனிசன் முதலியோர் படங்களைப் பெயரோடு உலகம் அறியும். இலங்கையில் அவர் எடுத்த ஏழை மக்களோ பெரும்பாலும் பெயரற்றவராகவே நிற்கின்றனர். அது அக்கால வழக்கம் எனலாம். இன்றும் கொழுந்து கொய்யும் பெண்ணை வழிமறித்து, கூடையோடு நின்று சிரிக்கச் சொல்லி, பெயரும் கேளாது வண்டியேறுவதற்கு என்ன சமாதானம் கூறுவது? நாள் முடிவில் கொழுந்தை நிறுத்துக் கூலி கணிக்கும் தோட்டத்தில், அவள் நின்ற நேரமும் அவளுக்கு இழப்பன்றோ?

முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் உரிப்பொருளே சிறந்தது என்பர். மனிதர்தம் உள்ளத்து ஒழுக்கம் அது. ஆதலின் இத்தகைய முகாம் நடத்துவோர்க்கு ஒன்று கூறுவேன். ஒளியளவையும் வில்லையையும் கற்பிக்குமுன், படம் எடுக்கப்படுபவரிடம் இசைவு கேட்கவும், இசைந்தால் பெயரைக் கேட்டுப் படத்தின்கீழ் எழுதவும், ஒரு படியை அவர்க்கே அனுப்பவும் கற்பியுங்கள். இசையாதவரை விட்டு விலகவும் கற்பியுங்கள். இதற்கு ஒரு முழு நாள் செலவாயினும் தகும்.