மஞ்சளும் கொலாஜனும் சேர்ந்தால்...

சாத்தூர் என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது காராச்சேவும் வெள்ளரிக்காயும்தான். ஆனால் பத்திரிகைகளில் இந்த ஊரின் பெயர் பெரிதாக அடிபடுவது பட்டாசு விபத்தின்போது! 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் நடந்த வெடி விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் ஒரு விபத்து. இறந்தவர்களின் எண்ணிக்கை தலைப்புச் செய்தி ஆகிறது. பிழைத்தவர்களின் தோல் எப்படி ஆறியது என்பது செய்தி ஆவதில்லை.

காயம் ஆறுவது ஒரே வேலை அல்ல. கிருமியைத் தடுக்க வேண்டும், வீக்கம் அடங்க வேண்டும், புதிய செல்கள் வளர வேண்டும், அவை பற்றி ஏற ஒரு சாரமும் வேண்டும். ஒரே மருந்து இத்தனையையும் செய்யுமா? செய்யாது. அதனால்தான் பல பொருள்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜான் பர்க், யன்னாஸ் என்ற இருவர் மாட்டின் கொலாஜனையும் சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த பொருளையும் சேர்த்து, மேலே சிலிகான் படலம் வைத்து ஒரு செயற்கைத் தோல் செய்தார்கள். 1981-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. இன்டெக்ரா என்ற பெயரில் 1996-ல் அங்கே அனுமதி கிடைத்தது.

நம்மூரில்? சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் செருப்புக்கும் பைக்குமான தோலை மட்டும் ஆராயவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினைக் கொலாஜன் படலத்தில் சேர்த்து எலிகளின் காயத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெறும் கொலாஜனைவிட இது காயத்தை வேகமாகச் சுருக்கியது என்று 2004-ல் ஆய்வு வெளியானது. காயத்துக்கு மஞ்சள் என்பதற்கு அமெரிக்காவில் 1995-ல் கொடுத்த காப்புரிமையை வழக்காடி 1997-ல் ரத்து செய்ய வைத்த சி.எஸ்.ஐ.ஆரின் கீழ் இயங்கும் நிறுவனம்தான் இது.

இதைப் படித்துவிட்டு யாரும் தீக்காயத்தில் மஞ்சள் பொடியோ, இட்லி மாவோ, பேஸ்ட்டோ பூசிவிடக் கூடாது. முதலில் 20 நிமிடம் ஓடும் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். இரண்டு நல்ல பொருள்கள் சேர்ந்தால் மூன்றாவது நல்லது வந்துவிடும் என்பதும் இல்லை. கிருமியைக் கொல்லும் வெள்ளி அளவு மீறினால் புதிய தோல் செல்லையும் பாதிக்கும். அதனால் மனிதர்களிடம் முறையான சோதனை அவசியம்.

அந்தச் சோதனைக்குப் பணம் போடுவது யார்? பொருளாதாரத்தில் முதல் பாடமே, ஆசை வேறு, தேவை வேறு என்பதுதான். வாங்கும் சக்தி இருந்தால்தான் அது 'தேவை' என்ற கணக்கில் வரும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு உலகம் முழுக்க சந்தை இருக்கிறது. தினக்கூலிக்கு மருந்து செலுத்தும் தொழிலாளியின் முதுகுக்கு அந்தச் சந்தை இல்லை. லாபக் கணக்கு பார்க்கும் கம்பெனி இங்கே வராது. வர வேண்டியது அரசாங்கம்.

அதற்கு வேண்டியதெல்லாம் இங்கேயே இருக்கிறது. ஆராய்ச்சி அடையாறில். அனுபவம் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில். 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரில். இந்த மூன்றையும் இணைத்து ஒரு சோதனை நடத்துவது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. மருந்து விலையோடு மட்டும் செலவு முடிவதில்லை. காயம் ஆறாத ஒவ்வொரு வாரமும் ஒரு வாரக் கூலி போகிறது. அதையும் கூட்டிப் பார்த்தால் விலை உயர்ந்த படலம்கூட மலிவாகத் தெரியலாம்.

விபத்தே நடக்காமல் இருப்பதுதான் முதல் மருந்து. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதுவரை...? நாடு முழுக்க தீபாவளிக்கு வெளிச்சம் அனுப்பும் மண்ணுக்கு நல்ல தோலையாவது திருப்பித் தர வேண்டாமா?