மருந்துக்கும் கையேந்துவதா?

வயலில் நிற்கும் கமக்காரனைப் புடையன் தீண்டிவிட்டால், வைத்தியசாலையில் அவனுக்கு ஏற்றப்படும் விஷமுறிமருந்து எங்கிருந்து வருகின்றது? இந்தியாவிலிருந்து! இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டே அது ஆக்கப்படுகின்றது. இந்நாட்டிற் பலரைத் தீண்டும், மூக்கு மேனோக்கிய குழிவிரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை.

2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வற்றியபோது அத்தியாவசிய மருந்துகள் அருகின, சத்திரசிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. நோயை அறிந்த வைத்தியர்கள் இருந்தார்கள். கொடுக்க மருந்து இருக்கவில்லை.

ஆகவேதான் வைத்திய மாணவர்களுக்குப் புத்தாக்கமும் முயற்சியாண்மையும் கற்பிக்கப்படல் வேண்டும் என்கின்றோம். "வைத்தியரை வியாபாரியாக்குவதா?" என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவ்வச்சம் நியாயமானதே. நோயாளியின் மடியைப் பார்க்கப் பழக்கும் கல்வி எமக்கும் வேண்டாம். கட்டிலருகே கண்ட குறைக்குக் கருவியோ மருந்தோ ஆக்கி, அதனைச் சோதித்து, ஏழைக்கும் எட்டும் விலையிற் கொடுக்கும் வழியை மாணவர் அறிய வேண்டும் என்பதே எமது கோரிக்கை.

மதுரையைப் பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டில்களுடன் அரவிந்த் கண் வைத்தியசாலையைத் தொடங்கினார். கண்புரையை நீக்கியபின் பொருத்தும் வில்லை அந்நிய நாடுகளிலிருந்து வந்தது. ஏழைக்கு அதன் விலை எட்டவில்லை. 1992இல் அவ்வைத்தியசாலையார் அரோலேப் என்னும் ஆலையை நிறுவி, வில்லையைத் தாமே செய்தனர். விலை பன்மடங்கு குறைந்தது. இதுவும் முயற்சியாண்மையே. இதனால் வைத்திய அறம் கெட்டதா?

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2001 முதல் வைத்தியரையும் பொறியியலாளரையும் ஒரே குழுவில் இருத்திப் பயிற்றி வருகின்றது. முதலில் வைத்தியசாலையிலே தேவையைக் கண்டறி, பின்னரே கருவியைப் பற்றிச் சிந்தி என்பது அங்கே முதற் பாடம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே அதன் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. இம்மூன்றின் மாணவரும் சில வாரங்களேனும் ஒரு கிராமத்து வைத்தியசாலையில் ஒன்றாகத் தங்கட்டும். ஒரு குறையைத் தேடி, அதற்கொரு மாதிரிக் கருவி செய்யட்டும். பரீட்சையில் அதற்குப் புள்ளி வழங்கப்படட்டும். விஷமுறிமருந்தை அவர்கள் நாளையே ஆக்கிவிடுவார்கள் என்று நாம் கனவு காணவில்லை. ஆக்க முடியும் என்ற துணிவு முதலில் பிறக்க வேண்டும்.

இலவசக் கல்வியின் செலவைச் சுமப்பவர்களில் கமக்காரனும் ஒருவன். அவனுடைய உயிர் அடுத்த கப்பலின் வரவை எதிர்பார்த்துக் கிடக்கலாகாது. பல்கலைக்கழகத்தார் செவிசாய்ப்பார்களா?