1700 ரூபாவும் ஜனாஸாக்களும்: வேட்பாளர்களை எதைக்கொண்டு எடைபோடுவது?

2024 செப்டம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் களத்தில் இருந்தாலும், பதுளையில் பேச்சு மூவரைப் பற்றித்தான் இருந்தது: ரணில் விக்ரமசிங்க, சஜித் பிரேமதாச, அநுர குமார திசாநாயக்க. நாமல் ராஜபக்ஷவை விட்டுவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நாட்டின் பொருளாதார வீழ்ச்சிக்கு அவரது தந்தையும் சிறிய தந்தையரும் பொறுப்பு என உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொல்லிவிட்டது.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தாலும், பசறை பஸ்ஸில் ஏறினாலும் ஒரே கேள்விதான்: "எங்கட ஆக்கள் எந்தப் பக்கம், சேர்?"

ஹக்கீமும் ரிஷாதும் அப்போது சஜித்துடன் இருந்தார்கள். மனோ கணேசனின் கூட்டணியும் அங்கேதான் இருந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலுடன் இருந்தது. ஆனால் 2020 ஒக்டோபர் 22 ஐ நினைத்துப் பாருங்கள். ஜனாஸாக்களை எரிக்கும் வர்த்தமானி அமுலில் இருந்த நேரம் அது. அன்றுதான் சஜித்தின் அணியில் வென்ற முஸ்லிம் எம்.பி.க்கள் சிலரும், எங்கள் அப்போதைய பதுளை மாவட்ட எம்.பி. அரவிந்தகுமாரும் 20 ஆவது திருத்தத்துக்குக் கையுயர்த்தி கோட்டாபயவின் அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். எங்கட ஆக்கள் காட்டிய பக்கம் போவதால் வரும் பலன் அது.

ஆசிரியர் கலாசாலையில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்வார்: பிள்ளையின் குணத்தை விடைத்தாளில் தேடாதே, இடைவேளையில் பார் என்று. தலைவர்களுக்கும் விஞ்ஞாபனம் விடைத்தாள்தான்.

ரணில் 2022 இல் பொறுப்பேற்றபோது நாங்கள் எரிவாயு சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். 2024 ஆகும்போது அந்த வரிசை இருக்கவில்லை. இதை மறுப்பது நன்றி கெட்டதனம். ஆனால் 2023 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடக்கவில்லை. அதில் நிதியமைச்சர் என்ற வகையில் அவர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22 ஆம் திகதி தீர்ப்பளித்தது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1700 ரூபா நாட்சம்பளம் என்றார். கம்பனிகள் நீதிமன்றம் போயின, ஜூலையில் வர்த்தமானிக்குத் தடை வந்தது. பின்னர் பேச்சு 1350 இல் வந்து நின்றது. கம்பனிகள் வழக்குப் போடும் என்பது லயத்தில் இருக்கும் என் மாணவனின் தாய்க்கே தெரிந்திருந்தது. ஜனாஸா எரிப்புக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்ததும் 2024 ஜூலையில்தான். வராததைவிட மேல். ஆயினும் எரித்த மொட்டுக் கட்சியின் வாக்குகளால் ஜனாதிபதியாகி இரண்டு வருடம் கழித்து, தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்னர் வந்த மன்னிப்பு அது.

சஜித்தின் இரக்க குணத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. தடுமாற்றம்தான் பயம். 2022 மே மாதம் பிரதமர் பதவி வந்தபோது நிபந்தனை வைத்தார், ரணில் முந்திக்கொண்டார். கோட்டாபயவின் கீழ் பதவி ஏற்காதது கொள்கை என்கிறார்கள். மே மாதத்துக்கு அது பொருந்தும். ஜூலையில் கோட்டாபய நாட்டிலேயே இல்லையே! அப்போதும் டலஸ் அழகப்பெருமவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

அநுரவின் கை சுத்தம் என்கிறார்கள். ஏறத்தாழ ஒரு வருடம் விவசாய அமைச்சராக இருந்ததைத் தவிர 2024 தேர்தல் வரை அவர் கையில் அதிகாரம் இருந்ததில்லை. தோட்டத்து முதியவர்களுக்கோ ஜே.வி.பி.யின் "இந்திய விஸ்தரிப்புவாத" வகுப்பு இன்னும் ஞாபகம். அந்த நாளில் அநுர சிறு குழந்தை, அதை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2023 இல் அவரது கட்சி ஹட்டன் பிரகடனமும் வெளியிட்டது. எனக்கு இருந்த கேள்வி வேறு. 2019 இல் 3 வீதம் எடுத்தவர் இனவாதத்தை எதிர்ப்பது இலகு. இலட்சக்கணக்கான வாக்குகள் கையில் வந்தபின், அந்தக் கூட்டமே எங்களுக்கு எதிராகத் திரும்பும் ஒரு நாளில் என்ன செய்வார்?

இவற்றில் மிகப் பாரதூரமானது எது என்று கேட்டால், தேர்தல் நடக்காமல் போனதைத்தான் சொல்வேன். தடுமாறுபவரையும் அனுபவம் இல்லாதவரையும் ஐந்து வருடத்தில் வாக்கால் மாற்றலாம். வாக்கையே தள்ளிப்போட்டால் எதைக்கொண்டு மாற்றுவது? ஆகவே எனது 1 உம் 2 உம் மற்ற இருவருக்குள்தான் இருந்தன. எது யாருக்கு என்பதை அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விருப்பு வாக்கு 1982 முதல் 2019 வரை ஒரு தடவைகூட எண்ணப்பட்டதில்லை. மும்முனைப் போட்டி என்பதால் 2024 இல் அதற்கும் வேலை வந்தது. விருப்பு வாக்களிப்பவர்கள் 1, 2, 3 என இலக்கங்களை மட்டும் இடுங்கள், புள்ளடியோடு கலக்க வேண்டாம். தோட்டங்களில் இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் குறைவு.