கையெழுத்தோடு கடமை முடிந்ததா, பேராசிரியர்களே?

பி.காம். முடித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் புரட்டுகிறவனுக்கு மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், ஒன்றும் தெரியாது என்பதுதான் பதில். ஆனால் அடுத்தவர் கொண்டுவரும் ஃபைலில் கையெழுத்துப் போடுவது பற்றி இருபது வருஷ அனுபவம் உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ரீஜனல் கேன்சர் சென்டர் இருக்கிறது (ஆர்.சி.சி. என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும்). அந்தப் பக்கம் போனால் மலையாளத்துக்கு நடுவே நம் தமிழும் காதில் விழும். நாகர்கோவில், தென்காசி, திருநெல்வேலி என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி வந்தவர்கள். கையில் ஸ்கேன் கவர், தூக்குவாளி, கண்ணில் பயம். டாக்டர் எந்தப் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வேறு என்ன செய்ய முடியும்?

இந்த ஆர்.சி.சி.யில் 1999-2000இல் நடந்த ஒரு விஷயம் இப்போது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும் என்று தெரியவில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்தவர் ரூ சி ஹுவாங். ஒரு பாலைவனச் செடியில் கிடைக்கும் பொருளிலிருந்து உருவாக்கிய எம்4என் என்ற மருந்து அவருடைய ஆராய்ச்சி. அதை வாய்ப்புற்று நோயாளிகள் 26 பேருக்கு, கட்டியிலேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். பார்த்த இடம் பால்டிமோர் அல்ல, திருவனந்தபுரம்.

ஆர்.சி.சி.க்குள்ளேயே வேலை பார்த்த டாக்டர் வி.என். பட்டதிரி இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 2001இல் விஷயம் பத்திரிகைகளுக்கு வந்தது. நோயாளிகளின் சம்மதம் வாங்கித்தான் செய்தோம் என்று ஆர்.சி.சி. சொன்னது. ஹாப்கின்ஸ் தனியாக விசாரித்து, அந்த வருஷம் நவம்பரில் முடிவை அறிவித்தது. மனிதர்கள் மேல் நடக்கும் ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் எத்திக்ஸ் கமிட்டியிடம் வாங்கவேண்டிய அனுமதியை வாங்கவே இல்லை. மனிதர்களுக்குக் கொடுக்கும் முன் விலங்குகளிடம் செய்யவேண்டிய பாதுகாப்புச் சோதனைகளும் போதவில்லை. இனி மனிதர்கள் பங்கேற்கும் எந்த ஆய்வுக்கும் அந்தப் பேராசிரியர் தலைமை ஆய்வாளராக இருக்கக்கூடாது என்று தடை போட்டார்கள்.

சரி, ஒருவருக்குத் தண்டனை. கதை முடிந்ததா? அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தில் கமிட்டி இல்லாமலா போயிற்று? உலகப் புகழ்பெற்ற பேராசிரியர்கள் உட்கார்ந்த கமிட்டி இருந்தது. தங்கள் பல்கலைக்கழகத்து ஆய்வு கடல் தாண்டி 26 பேர் வாயில் ஊசியாக இறங்குவது அவர்களுக்குத் தெரியவில்லை. ஏன்? ஃபைல் அவர்கள் மேசைக்கு வரவில்லை, அவ்வளவுதான். வந்த ஃபைலைப் பார்ப்பது மட்டுமே தங்கள் வேலை என்று ஒரு கமிட்டி இருந்தால், ஃபைலே கொண்டுவராதவனுக்கு அந்தக் கமிட்டியால் என்ன கஷ்டம்?

‘ஃபைல் வந்திருந்தால் பிடித்திருப்பார்கள்’ என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் பதில் அதே ஹாப்கின்ஸிலேயே, அதே 2001இலேயே இருக்கிறது. ஆஸ்துமா பற்றிய ஓர் ஆய்வில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை நுகர்ந்த எலன் ரோச் என்ற 24 வயதுப் பெண் ஜூன் 2ஆம் தேதி இறந்துபோனார். நோயாளி அல்ல, நல்ல ஆரோக்கியமாக இருந்த தன்னார்வலர். அந்த ஆய்வுக்குக் கமிட்டியின் அனுமதி முறையாக இருந்தது! அந்த மருந்து நுரையீரலைப் பாதித்த விவரம் 1950களிலேயே மருத்துவ இதழ்களில் வந்திருந்தது. ஆராய்ச்சியாளரும் தேடவில்லை, கமிட்டியும் கேட்கவில்லை. பிறகு வந்து விசாரித்த அமெரிக்க அரசு அலுவலகம் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? பெரும்பாலான விண்ணப்பங்கள் கூட்டத்தில் தனித்தனியாக விவாதிக்கப்படவே இல்லை. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வுகளை ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள்.

ஒரு ஃபைல் வரவே இல்லை. இன்னொன்று வந்தும் யாரும் சரியாகப் படிக்கவில்லை. பேராசிரியர் என்ற பட்டம் இரண்டையும் தடுக்கவில்லை.

இப்போது எங்கள் பிழைப்புக்கு வருகிறேன். டிராக்டருக்குக் கடன் கொடுத்தால், டிராக்டர் நிஜமாகவே நிற்கிறதா என்று வயலுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். கடைக்காரர் சரக்கின் மேல் கடன் வாங்கினால், மாதாமாதம் அவர் கொடுக்கும் ஸ்டாக் கணக்கை வாங்கி வைப்பதோடு வேலை முடியாது. திடீரென்று குடோனில் போய் நின்று மூட்டையை எண்ணவேண்டும். சொந்தக்காரருக்கு நானே கடன் சாங்ஷன் செய்ய முடியாது. எல்லாம் பணத்துக்காக. மூட்டைக்கு இருக்கிற மரியாதை மனிதனுக்கு வேண்டாமா?

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2013இலிருந்து மருந்துச் சோதனைகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டிகள் பதிவு செய்தாகவேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள், அதில் பாதிப்பேர் வெளியாட்கள். தலைவரும் வெளியாள். சட்டம் தெரிந்த ஒருவர், ஒரு பெண், ஒரு சாதாரண ஆள் கட்டாயம். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த வெளியாட்களை அழைத்து உட்கார வைப்பது யார்? அதே நிறுவனம். உள்ளே இருக்கும் பேராசிரியருக்கோ இன்னொரு சங்கடம். இன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளைக்குத் துறைத்தலைவர். இன்றைக்கு நான் கேள்வி கேட்டால், அடுத்த மாதம் என் விண்ணப்பம் வரும்போது அவர் கேட்பார். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான்: நீ வைத்தால் நான் வைப்பேன் :-)

அனுமதி கொடுத்தபின் கண்காணிப்பு? அதையும் விதி சொல்கிறது. ஆய்வாளர் அனுப்பும் அறிக்கையை வைத்துப் பார்க்கலாம், மருந்து கம்பெனி தரும் தணிக்கை அறிக்கையை வைத்துப் பார்க்கலாம், அல்லது ஆய்வு நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். அந்த ‘அல்லது’தான் ஓட்டை. கடன் வாங்கியவரே எழுதிக்கொடுத்த ஸ்டாக் கணக்கு போதும் என்றால், எந்த மேனேஜர் வெயிலில் குடோனுக்குப் போவார்?

பேராசிரியர்கள் சொல்லும் சமாதானம் எனக்குத் தெரியும். பாடம் நடத்தவேண்டும், பேப்பர் திருத்தவேண்டும், இதில் கமிட்டி வேறு. மாணவர் நாலு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்பதற்குக்கூட ஒரு கட்டு படிவம். நியாயமான புலம்பல்தான். கேள்வித்தாள் ஆய்வைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? மிச்சமாகும் நேரத்தை ஊசி போடும் ஆய்வுக்குக் கொடுங்கள். நேரமே இல்லை என்றால் கமிட்டியில் உட்காராதீர்கள். பயோடேட்டாவில் ஒரு வரி சேர்ப்பதற்கான நாற்காலி அல்ல அது.

என் கோரிக்கை நான்குதான்:

1. அபாயம் உள்ள ஒவ்வோர் ஆய்விலும், உறுப்பினர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குப் போகவேண்டும். ‘உங்களுக்குப் போடுவது சோதனை மருந்து என்று தெரியுமா?’ என்று நோயாளியிடம் கேட்கவேண்டும். தென்காசிக்காரரிடம் தமிழில் கேட்கவேண்டும்.

2. பக்கத்து நிறுவனத்தின் ஆய்வை இந்த நிறுவனத்துக் கமிட்டியும், இங்குள்ளதை அவர்களும் அவ்வப்போது மறுபரிசீலனை செய்யவேண்டும்.

3. யார் என்ன ஆட்சேபணை சொன்னார், அதற்குப் பிறகும் ஏன் அனுமதி கொடுத்தார்கள் என்பதைப் பொதுவில் வைக்கவேண்டும்.

4. பட்டதிரியைப் போல உள்ளிருந்து எச்சரிப்பவர் பத்திரிகைக்குப் போகவேண்டிய நிலை வரக்கூடாது. அவர் கதவைத் தட்டவேண்டிய முதல் இடம் கமிட்டியாக இருக்கவேண்டும். தட்டினால் திறக்கவும் வேண்டும்.

வாராக்கடன் வந்தால் வங்கியில் முதலில் தேடுவது சாங்ஷன் செய்தவரின் கையெழுத்தைத்தான். மாற்றலாகிப் போனாலும் மெமோ தேடி வரும். கமிட்டிப் பேராசிரியருக்கு அப்படி ஒரு மெமோ வருகிற நாளில், படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் அவர் படிக்க ஆரம்பிப்பார்.

பி.கு.: ஆராய்ச்சிக்குச் சம்மதம் கேட்டு உங்களிடம் படிவம் நீட்டினால், எத்திக்ஸ் கமிட்டித் தலைவரைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கவேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதல். இல்லையென்றால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.