கரண்ட் ரூமை இடிக்கும் முன் பதில் சொல்லுங்கள்



நம் ஊர் அரசு மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறைக்குப் போகும் வழியில் பூட்டிக் கிடக்கும் பழைய கோபால்ட் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். ‘உள்ளே இருக்கும் பழுதடைந்த தளவாடங்களோடு, உள்ளது உள்ளபடி’ என்று ஏல அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. கட்டில், பீரோ, ஏசிப் பெட்டி என்று நீளும் பட்டியலில் ‘பழைய இயந்திரம் - 1’ என்றும் ஒரு வரி. என்ன இயந்திரம் என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் நமக்குத் தெரியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வைத்துக்கொண்ட இயந்திரம் அது.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அந்த இயந்திரத்தின் தலைக்குள் இருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியே எடுக்கப்பட்டுவிட்டதா? எடுத்தது யார், எந்தத் தேதியில், எங்கே அனுப்பினார்கள், அதற்கான காகிதம் எங்கே?

ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்களும், அங்கே சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாரும், பழைய இரும்பு வியாபாரிகள் சிலரும் சேர்ந்து இந்தக் கேள்வியோடு அலைந்தோம். மருத்துவமனை அலுவலகம் பொதுப்பணித் துறையைக் கை காட்டியது. பொதுப்பணித் துறை மருத்துவமனையையே திருப்பிக் கை காட்டியது. “எல்லாம் அப்பவே எடுத்தாச்சு” என்று வாயால் சொன்னவர்கள் உண்டு; எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை. ஒரு அதிகாரி கேட்டார்: “ஈ.பி. கனெக்‌ஷனைக் கட் பண்ணியே வருஷக் கணக்காச்சு, இன்னும் என்ன பயம்?”

இந்தப் பதில்தான் எங்களை இந்த வேண்டுகோளை எழுத வைத்தது. எக்ஸ்ரே இயந்திரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தினால் அது வெறும் இரும்பு. கோபால்ட் அப்படியல்ல, அதற்கு ஸ்விட்ச் கிடையாது. இரவும் பகலும், பூட்டிய அறையிலும் அது கதிர்வீசிக்கொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் ஈயக் கவசம்தான் நம்மைக் காக்கிறது. அந்த ஈயம்தான் காயலான் கடையில் நல்ல விலைக்குப் போகும்.

கோபால்ட்-60-இன் கதிரியக்கம் பாதியாகக் குறைய 5.27 ஆண்டு ஆகும். 10,000 கியூரி வலுவோடு வந்த கோபால்ட் மூலம் 20 ஆண்டு கழித்தும் ஏறத்தாழ 700 கியூரி இருக்கும். நோயாளிக்குச் சிகிச்சை தர அது போதாது; ஆளைக் கொல்ல தாராளமாகப் போதும். 2000-ஆம் ஆண்டு தாய்லாந்தின் சமுத் பிரகானில், காவலில்லாத இடத்தில் போட்டு வைத்திருந்த பழைய சிகிச்சை இயந்திரத்தின் தலை காயலான் கடைக்குப் போனது. அதில் மிச்சமிருந்தது சுமார் 425 கியூரிதான். பத்துப் பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். இரும்புக் கடைத் தொழிலாளர்கள் மூவர் இரண்டே மாதத்தில் செத்தார்கள்.

பிரேசிலின் கோயானியா நகரத்தில் நடந்ததை ஒவ்வொரு வீட்டிலும் படித்துக் காட்டுங்கள். 1985-இல் அங்கே ஒரு தனியார் சிகிச்சை நிலையம் இடம் மாறியது. பழைய கட்டடத்தில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்த இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அணுசக்தி ஆணையத்துக்கும் தகவல் சொல்லவில்லை. பிறகு கட்டடத்தைப் பாதி இடித்தார்கள். 1987 செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் உள்ளே புகுந்து கனமான பாகத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்றே இருவருக்கும் வாந்தி. கெட்டுப்போன எதையோ சாப்பிட்டதால் என்று நினைத்துக்கொண்டார்கள்.

காயலான் கடைக்கு வந்த அந்தப் பாகத்தின் உள்ளே இருந்த தூள் இரவில் நீலமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் ஆச்சரியப்பட்டு உறவையும் அக்கம்பக்கத்தையும் கூப்பிட்டுக் காட்டினார். அரிசியளவு துணுக்குகளைப் பங்கிட்டுக் கொடுத்தார். சிலர் உடம்பில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தூள் ஒட்டிய கையோடு சாப்பிட்டாள். இதில் ஏதோ விபரீதம் என்று முதலில் சந்தேகப்பட்டது எந்த அதிகாரியும் அல்ல, கடைக்காரரின் மனைவி. மிச்சத்தைப் பையில் போட்டுப் பேருந்தில் எடுத்துப்போய் சுகாதார அலுவலகத்தில் வைத்தவர் அவர்தான். அவரும், அந்தச் சிறுமியும், கடையில் வேலை பார்த்த இரண்டு இளைஞர்களும் அந்த அக்டோபரில் இறந்தார்கள்.

மொத்தத் தூள் 93 கிராம். அதற்காக 1,12,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 249 பேரிடம் கதிரியக்கம் இருந்தது. வீடுகளை இடித்தார்கள், மண்ணை வெட்டி எடுத்தார்கள். சேர்ந்த கழிவு சுமார் 3,500 கனமீட்டர். சிறுமியை ஈயம் பதித்த பெட்டியில் புதைக்கக் கொண்டுபோனபோது, ‘இங்கே புதைக்காதே’ என்று ஊர்க்காரர்களே கல்லெறிந்தார்கள்.

மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரஸில் 1983-இல் ஒரு மருத்துவமனைக் கிடங்கிலிருந்த கோபால்ட் இயந்திரம் பழைய இரும்போடு உருக்காலைக்கே போய்விட்டது. அதில் வார்த்த கம்பி வீடு கட்டப் போனது. பிறகு, கம்பி ஏற்றிய லாரி ஒன்று தற்செயலாக அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம் பக்கம் போனபோது அலாரம் அடித்ததால்தான் விஷயமே வெளியில் தெரிந்தது.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு: 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தை. அங்கே கருவி வந்தது மருத்துவமனையிலிருந்துகூட அல்ல. 1980-களின் நடுவிலிருந்தே பயன்படாமல் கிடந்த டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையின் கோபால்ட் கருவியை அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலம் விட்டார்கள். ஏலம் விட்டவர்கள் படித்தவர்கள். பிரித்துப் பார்த்து வெந்தவர்கள் இரும்புக் கடைக்காரர்கள். ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்தார். அங்கேயும் ‘பழைய இயந்திரம்’ என்றுதான் நினைத்தார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் கோபால்ட் மூலத்தை அசைக்கவே கூடாது. உரிய நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் அந்த வாரியத்தையே 2012-இல் தணிக்கை செய்த மத்திய தலைமைத் தணிக்கையாளர், நாட்டிலுள்ள கதிரியக்க மூலங்களின் முழுக் கணக்கு வாரியத்திடம் இல்லை என்று எழுதினார். வாரியத்திடமே கணக்கு அப்படி என்றால், நம் ஊர் ஏலப் பட்டியலை எந்த தைரியத்தில் நம்புவது?

கதிர்வீச்சுச் சிகிச்சையை நாங்கள் குறை சொல்லவில்லை. அது உயிர் காக்கும் மருத்துவம். டாக்டர் சொன்னால் தயங்காமல் போங்கள். எங்கள் சண்டை, இயந்திரம் ஓய்ந்தபின் அதைக் குப்பையாக நினைக்கும் அலட்சியத்தோடு.

எங்கள் கோரிக்கைகள்:

ஒன்று, கோபால்ட் மூலம் அனுப்பப்பட்டதற்கான சான்றின் நகலை மருத்துவமனை வாசலில், தமிழில், எல்லோரும் படிக்கும்படி ஒட்ட வேண்டும்.

இரண்டு, சான்று இல்லையென்றால் ஏலத்தை உடனே நிறுத்தி, வாரியத்தின் ஆட்களை வரவழைத்துக் கருவி வைத்து அளக்க வேண்டும். அதுவரை அறைக்குக் காவல் போட வேண்டும்.

மூன்று, தகவல் கேட்கும் எங்கள் மனுவுக்கு 30 நாள் கணக்குச் சொல்லாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டமே சொல்கிறது. ஏலம் முடிந்தபின் வரும் பதில் யாருக்கு வேண்டும்?

ஏலம் கேட்க நினைக்கும் வியாபாரிகளே, விலை மலிவு என்று ஏமாறாதீர்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இறக்கை போட்ட சின்னமோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உருண்டையோ கண்ணில் பட்டால் கேஸ் கட்டிங் வைக்காதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டுப் போலீசுக்கும் தீயணைப்புத் துறைக்கும் சொல்லுங்கள். தொட்டவருக்குக் காரணமில்லாமல் வாந்தியோ, நெருப்பே படாமல் தீப்புண் மாதிரிக் கையில் புண்ணோ வந்தால், எந்த இரும்பைத் தொட்டார் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனை வாசலில் டூவீலர் பார்க்கிங்குக்குக் கட்டணம் வைத்தபோது திரண்டு வந்து மறியல் செய்தோம். இந்தக் கட்டடத்துக்காகக் கையெழுத்துக் கேட்டுப் போனால், “நமக்கெதுக்கு வம்பு” என்று கதவைச் சாத்துகிறீர்கள். கதிருக்குத் தெரு பேதம் கிடையாது. நாளைக்கு அது வெளியே வந்தபின் இரும்புக் கடைக்காரனின் பிள்ளைமேல் கல்லெறிவதைவிட, இன்றைக்கே அதிகாரியிடம் கேள்வி கேட்பது மேல்.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். காலை பத்து மணிக்குக் கலெக்டர் அலுவலக வாசலுக்குக் குடும்பத்தோடு வாருங்கள். காகிதத்தைக் காட்டாமல் அந்தக் கட்டடத்தில் கடப்பாரை விழுந்தால், அடுத்து நடக்கும் எதற்கும் கையெழுத்துப் போட்ட அதிகாரிகளே பொறுப்பு. வேடிக்கை பார்த்த நாமும் பொறுப்பு.