காவிரி கடலில் கலக்கும் இடம்

டிசம்பர்த் திங்கள் முடியுந் தறுவாயில், அவ்வாண்டின் நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தல் என் நெடுநாளைய வழக்கம். இம்முறை ஒரு பக்கத்தைத் தாண்ட இயலவில்லை. காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பூம்புகார் சென்ற நாள் அது.

சிலப்பதிகாரத்தை 32 ஆண்டுகள் பயிற்றுவித்தவன் நான். மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் மாணாக்கர் கண்முன் நிறுத்தினேன் என்னும் செருக்கும் எனக்கு உண்டு. என் மனைவியோ அவ்வூரை ஒருமுறையேனும் கண்டதில்லை. ஓய்வு பெற்றபின் அழைத்துச் செல்லலாம் என்றிருந்தேன். அஃது எத்துணைப் பிழையான கணக்கு! குடும்பப் பயணம் கால்கள் வலுவாயிருக்கும்போதே செய்யத்தக்கது.

அவளுக்கு விருப்பமான புளிச்சோற்று மூட்டையுடன் புறப்பட்டோம். மூட்டுவலியால் அவளால் மணலில் நடக்க இயலவில்லை. பேரன் தோளைப் பற்றிக் கழிமுகத்தருகே நின்றாள்.

"குடகிலிருந்து வரும் காவிரி இத்துணைச் சிறுத்தா கடலைச் சேர்கிறாள்?" என்று வினவினாள்.

ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடந்து வருகின்ற ஆறு அது. முக்கொம்பில் பெருவெள்ளத்தைக் கொள்ளிடம் ஏற்றுக்கொள்கிறது. கல்லணையிலும் அதற்குக் கீழும் வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பிரிந்து வயல்களுக்குப் பாய்கிறது. எஞ்சிய நீரே இங்கு வருகிறது என விளக்கினேன்.

"எல்லார்க்கும் இட்டுவிட்டு வருகிறாள், இளைத்துத்தான் இருப்பாள்" என்றாள்.

நான் மறுமொழி கூறவில்லை. புதிய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவள் விரும்பும் ஊர்களைக் கேட்டு எழுதியுள்ளேன். முதலில் நிற்பது தலைக்காவிரி.